பில்ட்ரூட்டுக்குள் ஒரு பாஸ்கல் கம்பைலரைக் கொண்டுவந்த அனுபவம்

சிறு கணினிப் பலகைகளுக்கான லினக்ஸ் அமைப்பை மூலநிரலிலிருந்து கட்டித்தரும் பில்ட்ரூட் போன்ற கட்டுமான அமைப்பில் ஒரு நூலகத்தையோ சாதாரணப் பயன்பாட்டு மென்பொருளையோ சேர்ப்பது கடினமான வேலையன்று. தெரிவுப் பட்டியலில் அதைக் காட்டுவதற்கு ஒரு கோப்பு, எங்கிருந்து பதிவிறக்கி எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக் கோப்பு, பதிவிறங்கியது சரியானதுதானா என்று சோதிக்க ஒரு ஹாஷ் கோப்பு ஆகிய மூன்றையும் எழுதிவிட்டால், மிச்சத்தை அமைப்பே பார்த்துக்கொள்ளும். மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றித்தரும் கம்பைலரைச் சேர்ப்பது அப்படிப்பட்டதன்று. அது ஓடப்போவது நமது மேசைக் கணினியில். அது உருவாக்கும் நிரல் ஓடப்போவது சிறு பலகையில். அந்தக் கம்பைலரைக் கட்டுவதற்கோ இன்னொரு கம்பைலர் வேண்டும். இந்த மூன்றில் எதையாவது தெளிவாகத் தீர்க்காமல் விட்டால், எல்லாம் சரியாக நடந்ததுபோலத் தோற்றமளித்துவிட்டுப் பலகையில் ஏற்றிய பிறகுதான் பிழை வெளிப்படும். பாஸ்கல் மொழிக்கான திறந்த மூலக் கம்பைலரான ஃப்ரீ பாஸ்கலை 2022இல் கொழும்பில் நாங்கள் இவ்வாறு சேர்த்தபோது அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன். ரஸ்ட், கோ, ஓகேமல் என்று வேறெந்த மொழியை எடுத்துக்கொண்டாலும் இதே கேள்விகள்தாம் எதிரே வந்து நிற்கும்.

எங்கள் மென்பொருள் லொறிகளை ஏற்றி நிறுக்கும் தராசுகளுக்கானது. தராசின் காட்டியிலிருந்து சீரியல் இணைப்பு வழியாக நிறையைப் படித்து, பற்றுச்சீட்டு அடித்து, தரவுத்தளத்தில் சேமிப்பது அதன் வேலை. பல வருடங்களாகப் பாஸ்கலில் வளர்ந்த அந்த நிரல் விண்டோஸ் கணினிகளில் ஓடிவந்தது. தூசியும் கடற்காற்றும் படும் தராசுக் கூடங்களில் அந்தக் கணினிகள் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை என்பதால், விசிறியும் சுழலும் வட்டும் இல்லாத பீகிள்போன் பிளாக் பலகைக்கு மாறுவதென்று தீர்மானித்தோம். ஒரு கிகாஹேர்ட்ஸ் கோர்டெக்ஸ்-ஏ8 செயலியும் 512 மெகாபைட் நினைவகமும் கொண்ட அந்தப் பலகை இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

சி++ மொழியில் திருப்பி எழுதிவிடலாமே என்ற யோசனை இயல்பாகவே வந்தது. அந்த நிரலை ஆரம்பத்திலிருந்து எழுதிய மூத்த பொறியியலாளர் அதற்கு இணங்கவில்லை. "கணக்குப் பாக்கிற பகுதியைத் தொடாதேங்கோ, தம்பி. அது எத்தினையோ தராசிலை ஓடித் தேறின கணக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வணிகத்தில் பயன்படும் நிறுவைக் கருவிகள் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரைக்கு உட்பட்டவை. நிறை தொடர்பான கணக்கில் கைவைப்பது எந்தப் பொறியியலாளரும் இலேசாக எடுக்கக்கூடிய முடிவன்று. மேலும், சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பாஸ்கல் இருப்பதால், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இந்த நிரலைக் கண்டு மிரள்வதில்லை. எனவே நிரலை வைத்துக்கொண்டு, அதைக் கட்டும் கருவியைப் பலகையின் கட்டுமான அமைப்புக்குள் கொண்டுவருவதே சரியென்று பட்டது.

பலகையிலேயே டெபியன் லினக்ஸை நிறுவி, அதில் ஃப்ரீ பாஸ்கலை நிறுவி, அங்கேயே நிரலைக் கட்டுவது இன்னொரு வழி. ஒரேயொரு பலகைக்கு அது போதும். விற்பனைக்குப் போகும் கருவிக்கு அது பொருந்தாது. மூன்று வருடம் கழித்து பலகையில் ஏற்றும் அதே முழு அமைப்புக் கோப்பை, அதாவது பிம்பத்தை, அதே நிலையில் மறுபடி உருவாக்க வேண்டிவந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பில்ட்ரூட் தன் 2012.11 வெளியீட்டிலிருந்தே பலகையில் ஓடும் கம்பைலருக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஒரு கணினியில் ஓடி வேறு வகைச் செயலிக்கான நிரலை உருவாக்கும் குறுக்குக் கம்பைலர் மேசைக் கணினியில் இருக்க வேண்டும், பலகையில் அதன் விளைபொருள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தக் கொள்கைக்கு இணங்கிப்போவதே நல்லதென்பது என் கருத்து.

ஆகவே எங்கள் பொதி (ஒரு மென்பொருளைச் சேர்க்க எழுதும் கோப்புத் தொகுப்பு) பில்ட்ரூட்டின் மொழியில் ஒரு ஹோஸ்ட் பொதி, அதாவது மேசைக் கணினியில் ஓடும் கருவிக்கானது. ஹோஸ்ட் பொதிகள் வெளியீட்டு அடைவுக்குள் தனியான ஓர் இடத்தில் நிறுவப்படும். பலகைக்குப் போகும் கோப்புத் தொகுதியில் அவற்றின் நிழல்கூடப் படாது. இந்தப் பொதியைப் பில்ட்ரூட்டின் மூலத்திற்குள் எழுதாமல், அதற்கென்றே வழங்கப்பட்டிருக்கும் வெளி மரம் என்ற தனி அடைவு வசதியில் வைத்தோம். பில்ட்ரூட் மூன்று மாதத்துக்கொரு முறை புதிய பதிப்பை வெளியிடுவதால், சொந்த மாற்றங்களை வெளியே வைத்திருப்பவர்களுக்குப் பதிப்பு மாற்றம் மிகவும் இலகுவாக இருக்கும்.

முதற் பெரிய கேள்வி, முதலாவது கம்பைலர் எங்கிருந்து வருகிறது என்பது. ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர் பாஸ்கலிலேயே எழுதப்பட்டது. அதன் மூலத்தைக் கட்ட, ஏற்கெனவே ஓடும் நிலையிலுள்ள ஒரு ஃப்ரீ பாஸ்கல் வேண்டும். அதுவும் ஏதோ ஒரு பழைய பதிப்பாக இருந்தால் போதாது. மூலத்தோடு வரும் மேக் கோப்பு தொடக்கக் கம்பைலரின் பதிப்பைச் சோதித்து, தனக்கு ஏற்புடைய அண்மைய நிலையான வெளியீடாக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு ஒரு மாறி இருக்கிறது. அதைத் தொடாமல் விடுவதே உத்தமம், ஏனென்றால் பொருந்தாத தொடக்கக் கம்பைலர் தரும் பிழைச் செய்தி பெரும்பாலும் உண்மையான காரணத்தைக் காட்டாது.

இதே சிக்கலை மற்ற மொழிகள் எப்படித் தீர்த்திருக்கின்றன என்று பார்த்தது எங்களுக்கு உதவியது. கோ மொழியின் கம்பைலர் 1.4 பதிப்பு வரை சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2015இல் வந்த 1.5 முதல் அது கோவிலேயே எழுதப்படுகிறது. எனவே பில்ட்ரூட், சி மொழிக்கான கம்பைலரான ஜிசிசியைக் கொண்டு முதலில் 1.4ஐக் கட்டி, அதன் தோளில் ஏறிப் புதிய பதிப்புகளைப் படிப்படியாகக் கட்டுகிறது. ரஸ்ட் கம்பைலரின் ஒவ்வொரு பதிப்பையும் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும். அங்கே அதிகாரபூர்வ இருமக் கோப்பைப் பதிவிறக்கித் தொடங்குவது வழக்கம். ஃப்ரீ பாஸ்கலுக்குச் சி மொழியிலான மூதாதை இல்லாததால் நாங்கள் ரஸ்டின் வழியைப் பின்பற்றினோம்.

மேசைக் கணினியின் உபுண்டு லினக்ஸில் நிறுவப்பட்ட ஃப்ரீ பாஸ்கலைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி ஒன்று இருந்தது. ஒவ்வொருவர் கணினியிலும் வேறு வேறு பதிப்பு இருக்கும் என்பதால் அதைத் தவிர்த்தோம். தொடக்கக் கம்பைலரையே தனியொரு ஹோஸ்ட் பொதியாக்கி, அதிகாரபூர்வ 3.2.2 இருமத் தொகுப்பை அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷோடு பதிந்து வைத்தோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்தத் தொகுப்போடு வரும் நிறுவல் ஸ்கிரிப்ட், எங்கே நிறுவுவது, எவற்றை நிறுவுவது என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். மனிதத் தலையீடின்றி ஓட வேண்டிய கட்டுமானத்தில் அதற்கு இடமில்லை. ஸ்கிரிப்டை ஒதுக்கிவிட்டு, வெளித் தொகுப்பைப் பிரித்து, அதற்குள் இருக்கும் இருமத் தொகுப்பைப் பிரித்து, அதற்குள்ளும் இருக்கும் அடிப்படைத் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். கம்பைலரின் உண்மையான இயங்கு கோப்பு நூலக அடைவுக்குள் பதிப்பு எண்ணின் கீழ் ஆழத்தில் இருக்கும். அதற்கு வழமையான நிரல் அடைவிலிருந்து ஒரு குறியீட்டு இணைப்பைப் போட்டால் போதும்.

தொடக்கக் கம்பைலர் கிடைத்த பின் மூலத்தைக் கட்டும் முறை அழகானது. தொடக்கக் கம்பைலர் ஒரு கம்பைலரைக் கட்டும். அது இரண்டாவதைக் கட்டும். இரண்டாவது மூன்றாவதைக் கட்டும். கடைசி இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கின்றனவா என்று மேக் கோப்பு ஒப்பிட்டுப் பார்க்கும். இந்தச் சுற்று முடிந்த பிறகுதான் பலகையின் ஆர்ம் வகைச் செயலிக்கான குறுக்குக் கம்பைலரும், பாஸ்கல் நிரல்கள் ஓடும்போது தேவைப்படும் அடிப்படைச் செயற்கூறுகளைக் கொண்ட இயக்கநேர நூலகமும் கட்டப்படும். நேரம் எடுத்தாலும் இந்தச் சுற்றைச் சுருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஜிசிசியோடு ஒப்பிட்டால் ஃப்ரீ பாஸ்கல் மிக விரைவாகக் கட்டப்படும் கம்பைலர், ஆதலால் இழப்பு பெரிதன்று.

இரண்டாவது கேள்வி சார்புகள் பற்றியது. பலகைக்கான எந்தப் பொதியைக் கட்டும்போதும் பில்ட்ரூட் தானாகவே ஜிசிசியும் அதன் துணைக் கருவிகளும் அடங்கிய கருவித்தொகுதியை அதற்கு முன்னதாகக் கட்டிவிடும். ஹோஸ்ட் பொதிகளுக்கு அப்படிச் செய்யாது. சாதாரண ஹோஸ்ட் கருவிக்குப் பலகைக்கான இயந்திர நிரலை உருவாக்கும் அசெம்பிளரோடு எந்த வேலையும் இல்லை என்பதால் அதுதான் நியாயமும்கூட. கம்பைலர் இந்த விதிக்கு விலக்கு. ஆர்முக்கான பாஸ்கல் இயக்கநேர நூலகத்தைக் கட்டும்போது ஃப்ரீ பாஸ்கல், ஆர்முக்கான குனு அசெம்பிளரையும், பகுதிகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கரையும் அழைக்கும். எனவே கருவித்தொகுதியைச் சார்புப் பட்டியலில் வெளிப்படையாக எழுத வேண்டும். ரஸ்ட் பொதியிலும் அப்படித்தான் இருக்கிறது. எழுதாவிட்டாலும், ஏற்கெனவே பலவற்றைக் கட்டி முடித்த கணினியில் எல்லாம் ஓடும். வெற்று அடைவிலிருந்து தொடங்குபவரின் கணினியில் மட்டும், அசெம்பிளர் இல்லை என்று நின்றுவிடும்.

மூன்றாவது விடயத்துக்குத்தான் நாங்கள் அதிகம் உழைத்தோம். எந்தக் கம்பைலரும் தான் நிறுவப்பட்ட கணினியைப் பற்றிச் சில ஊகங்களை உள்ளே வைத்திருக்கும். அமைப்புக் கோப்பு எங்கே இருக்கும், நூலகங்கள் எங்கே இருக்கும், லிங்கரின் பெயர் என்ன என்பனவெல்லாம் அதற்கு முன்கூட்டியே தெரியும். சாதாரண வேளையில் அது வசதி. கட்டுமான அமைப்புக்குள் அதுவே ஆபத்து. வேறு ஊரிலிருந்து அழைத்துவந்த சமையற்காரர் பழக்க தோஷத்தில் நம் சமையலறையில் தன் வீட்டு டப்பாக்களைத் தேடுவது போன்றது அது. குறுக்குக் கம்பைலருக்குத் தானாக எதுவும் தெரிந்திருக்கக் கூடாது; அதற்குத் தெரிந்த ஒவ்வொன்றும் கட்டுமான அமைப்பு சொல்லித் தந்ததாகவே இருக்க வேண்டும். இந்த வேலை முழுவதற்கும் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் அதுதான்.

ஃப்ரீ பாஸ்கல் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நடப்பு அடைவு, பயனரின் வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் மறைகோப்பு, கம்பைலருக்கு அருகிலுள்ள அடைவு, கடைசியாகக் கணினியின் பொது அமைப்பு அடைவு என்று அது பல இடங்களில் தேடும். எங்கள் குழுவில் சிலர் ஃப்ரீ பாஸ்கலுக்கான நிரலாக்கச் சூழலான லாசரஸைப் பயன்படுத்துபவர்கள். அவர்களின் கணினியில் அத்தகைய கோப்புகள் இருப்பது வழமை. அந்தக் கோப்புகளில் மேசைக் கணினியின் நூலகப் பாதைகள் இருந்தால், லிங்கர் அங்கே போய் மேசைக் கணினியின் எக்ஸ்86 செயலிக்கான நூலகங்களைக் கண்டு, பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் செல்லும் எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக வரும். அந்த எச்சரிக்கைகளை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. கட்டுமானம் வெற்றிகரமாக முடிந்தாலும், கம்பைலர் வேலிக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கு வழி, கம்பைலரை நேரடியாக அழைக்காமல் ஒரு சிறிய உறை ஸ்கிரிப்ட் வழியாக அழைப்பது. வழமையான அமைப்புக் கோப்புகள் எதையும் படிக்காதே என்று சொல்லும் தெரிவை அந்த ஸ்கிரிப்ட் முதலில் கொடுக்கும். பிறகு நாங்கள் உருவாக்கிய அமைப்புக் கோப்பை மட்டும் பெயர் சொல்லிக் கொடுக்கும். குறுக்குக் கருவிகளின் பெயர் முன்னொட்டு, அவை இருக்கும் அடைவு, பலகைக்கான நூலகங்களும் தொடக்கப் பொருட்கோப்புகளும் இருக்கும் ஸ்டேஜிங் அடைவு, செயலியின் வகை, தசம எண்களைக் கையாளும் மிதவைப் புள்ளி அலகின் வகை ஆகியவை அந்தக் கோப்பில் இருக்கும். ஜிசிசிக்குப் பில்ட்ரூட்டே இப்படியொரு உறையை வைத்திருக்கிறது. புதிய கம்பைலர் ஒன்றைச் சேர்க்க நினைப்பவர் அந்த உறையின் மூலத்தை ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

இனி, கிட்ட நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம். முதற் சோதனையாக ஒரு வரியை அச்சிடும் பாஸ்கல் நிரலைக் கட்டிப் பலகையில் ஓட்டினோம், ஓடியது. அந்த வெற்றியை நம்பக் கூடாது. ஃப்ரீ பாஸ்கலின் இயக்கநேர நூலகம் சி நூலகத்தை நாடாமல் லினக்ஸ் கருவை நேரடியாக அழைக்கக்கூடியது. எனவே எளிய நிரல் எதனோடும் இணைக்கப்படாத, தன்னளவில் முழுமையான கோப்பாக உருவாகும். பலகையிலுள்ள சி நூலகம் கிளிபிசியாக இருந்தாலென்ன, மசிலாக இருந்தாலென்ன, அது ஓடிவிடும். பல இழைகளில் ஓடும் நிரலுக்கான அலகையோ எஸ்கியூலைட் தரவுத்தள நூலகத்தையோ சேர்த்தவுடன் நிலைமை மாறுகிறது. அப்போதுதான் சி நூலகம் உள்ளே வருகிறது. எங்கள் உண்மையான நிரலுக்கு இரண்டுமே தேவை.

அந்த நிரலைப் பலகையில் ஓட்டியபோது, கோப்பு இல்லை என்ற செய்தி வந்தது. பெயரைப் பட்டியலிட்டால் கோப்பு கண்முன்னே இருக்கிறது. இயக்கும் அனுமதியும் இருக்கிறது. இந்தச் செய்தியின் பொருள் தெரியாதவர்கள் இதில் ஒரு நாளையே தொலைக்கக்கூடும். இல்லாமற் போனது நிரற்கோப்பன்று. அந்த நிரல் தன்னை நினைவகத்தில் ஏற்றித் தரும்படி கேட்கும் இயங்குநிலை ஏற்றிதான் அங்கே இல்லை. ரீட்எல்ஃப் கருவியால் நிரலின் தலைப்பகுதியைப் பார்த்தால் அது கேட்கும் ஏற்றியின் பாதை ஒரே வரியில் தெரியும். கோர்டெக்ஸ்-ஏ8 செயலிக்கு நாங்கள் தெரிந்தெடுத்த வன்மிதவை மரபில் (தசம எண்களைச் செயலியின் மிதவைப் பதிவகங்களிலேயே அனுப்பும் மரபு) ஏற்றியின் பெயரில் ஏஆர்எம்ஹெச்எஃப் என்ற ஒட்டு இருக்கும்; நிரலில் பதிந்திருந்ததோ அந்த ஒட்டு இல்லாத பழைய மரபின் பெயர். சார்புமாறிகளை மிதவைப் பதிவகங்களில் அனுப்பும் அழைப்பு மரபைக் கட்டளைவரியில் சரியாகவே கொடுத்திருந்தோம். ஆனால் ஏற்றியின் இயல்புப் பாதை, ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரைக் கட்டும் வேளையிலேயே அதற்குள் எழுதப்பட்டுவிடுகிறது. வன்மிதவையே இயல்பு என்று சொல்லும் வரையறையோடு கம்பைலரைத் திரும்பக் கட்டியதும் இது தீர்ந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் ஏற்றியின் பாதையைத் தனியே கொடுக்கவும் ஒரு தெரிவு உண்டு. மறதிக்கு இடம் வைக்காத முதல் வழியையே நான் விரும்புகிறேன்.

பலகைக்குப் போகும் கோப்புகள் சரியான செயலிக்கானவைதாமா என்று பில்ட்ரூட் தானாகவே சோதிக்கிறது. எக்ஸ்86 கோப்பொன்று தவறி உள்ளே போனால் கட்டுமானம் நிற்கும். மேற்சொன்ன பிழையை அந்தச் சோதனை பிடிக்காது. இரண்டு மரபுகளும் ஆர்ம் செயலிக்கானவையே. ஆகவே ஏற்றியின் பாதையைப் பார்க்கும் சிறு சோதனையொன்றை நாங்களே சேர்த்தோம்.

கிளிபிசி பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ரீ பாஸ்கல் 3.2.2 வெளிவந்தது 2021 மே மாதம், கிளிபிசி 2.34 வந்தது அதே வருடம் ஓகஸ்ட் மாதம். நிரல் தொடங்கும்போதும் முடியும்போதும் அழைக்கப்படும் இரண்டு உள் செயற்கூறுகளை அந்தக் கிளிபிசி நீக்கியது; சில செயலிகளுக்கான ஃப்ரீ பாஸ்கல் தொடக்க நிரல் அவற்றை நம்பியிருந்ததால், லினக்ஸ் விநியோகங்கள் அதற்கெனத் திருத்தங்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கம்பைலரின் பதிப்பும் சி நூலகத்தின் பதிப்பும் சோடியாக நகர வேண்டும் என்பதை இது காட்டுகிறது. இத்தகைய திருத்தக் கோப்புகளை எண்ணிட்டுப் பொதியின் அடைவில் வைத்தால் பில்ட்ரூட் வரிசைப்படி அவற்றைப் பிரயோகிக்கும்.

ஃப்ரீ பாஸ்கலின் மேக் கோப்புகளைச் சமாந்தரமாக ஓட்டாதிருப்பது நல்லது. பில்ட்ரூட்டில் ஒற்றை வேலையாக மேக்கை அழைக்கும் மாறி உண்டு, அதையே பயன்படுத்தினோம். சற்று மெதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே விளைவு வரும்.

இந்த வேலை நடந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வெள்ளவத்தையில் வசித்த சக ஊழியர்களும் நானும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் முழுக் கட்டுமானத்தைத் தொடங்குவோம். அந்தக் கட்டாயம் பொதியின் வடிவத்தையே மாற்றியது. பில்ட்ரூட் ஒவ்வொரு படிநிலை முடிந்ததும் ஒரு முத்திரைக் கோப்பை வைக்கும். மின் போய்த் திரும்பினால், முத்திரை உள்ள படிகளைத் தாண்டி, நின்ற படியிலிருந்தே தொடரும். எல்லாவற்றையும் ஒரே பொதிக்குள் ஒரே படியாக வைத்திருந்தால் பாதியில் நின்றது முழுவதும் வீண். தொடக்கக் கம்பைலரை ஏற்கெனவே பிரித்திருந்தோம். கம்பைலரைக் கட்டுவதையும் ஆர்ம் இயக்கநேர நூலகத்தைக் கட்டுவதையும் அடுத்ததாகப் பிரித்தோம். பதிவிறக்கங்களுக்கு அலுவலகத்தில் ஒரு பொது அடைவை வைத்து, அதையே முதன்மைத் தளமாகப் பில்ட்ரூட்டுக்குக் காட்டினோம். இணையம் இல்லாத வேளையிலும் கட்டுமானம் ஓடியது. மின்வெட்டு முடிந்த பிறகும் இந்தப் பிரிப்பை நாங்கள் மாற்றவில்லை, ஏனென்றால் ஒரு சிறிய தெரிவை மாற்றிப் பார்க்க விரும்புபவருக்கு அது எப்போதும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

உரிமம் பற்றிய விபரத்தையும் பொதியில் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர், பிறருக்கு வழங்கும்போது மூலநிரலையும் தரக் கோரும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. இயக்கநேர நூலகம், நிலையான இணைப்பை அனுமதிக்கும் விதிவிலக்கோடு கூடிய, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. நமது நிரலோடு சேர்ந்து வாடிக்கையாளரிடம் போவது இயக்கநேர நூலகம் என்பதால், எங்கள் மூலநிரலை வெளியிடும் கடப்பாடு எழவில்லை. இந்த வேறுபாட்டைப் பொதியின் உரிம வரியில் தெளிவாக எழுதினால், உரிமத் தகவல்களைத் திரட்டும் கட்டளை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

எந்தெந்தச் செயலிகளுக்கு இந்தக் கம்பைலர் பொருந்தும் என்பதையும் தெரிவுப் பட்டியலிலேயே கட்டுப்படுத்தினோம். தொடக்க இருமம் 64 பிட் எக்ஸ்86 கணினிக்கானது என்பதால் வேறு கணினியில் இந்தத் தெரிவே தோன்றாது. பலகையின் செயலி ஆர்மாக இல்லாவிட்டாலும் தோன்றாது. மற்றச் செயலிகளையும் ஃப்ரீ பாஸ்கல் ஆதரிக்கிறது. ஆயினும் நாங்கள் ஓட்டிப் பார்க்காத ஒன்றைப் பட்டியலில் காட்டுவது அதை நம்பித் தெரிவு செய்பவருக்குச் செய்யும் அநீதி.

இன்று புதிதாக ஒருவர் இந்த மரத்தைப் பதிவிறக்கினால், பாஸ்கல் எதுவும் நிறுவப்படாத வெறும் டாக்கர் கொள்கலனில் (கணினிக்குள் தனிமைப்படுத்தப்பட்ட ஒரு சூழல்) முழுக் கட்டுமானத்தையும் ஓட்டுவதுதான் அவருடைய முதல் வேலை. கட்டுமானத்தின் இறுதியில் இரண்டு சிறு நிரல்கள் கட்டப்படும்: ஒன்று சி நூலகத்தைத் தொடாதது, மற்றது இழைகளை உருவாக்கி, ஒரு தசம எண்ணைச் சி நூலகத்தின் கணிதச் செயற்கூறுக்கு அனுப்பி விடையைச் சோதிப்பது. இரண்டும், வேறு செயலிக்கான நிரலை மேசைக் கணினியிலேயே ஓட்டிக்காட்டும் க்யூஎம்யுவின் ஆர்ம் பயனர் நிலையில், ஸ்டேஜிங் அடைவிலுள்ள நூலகங்களோடு ஓட்டப்படும். இரண்டாவது நிரலில் விடை பிழைத்தால், பலகையைக் கையில் எடுப்பதற்கு முன்னரே கட்டுமானம் தோல்வியென்று அறிவிக்கப்படும்.